விறைப்பு இல்லை

காலையில் கருப்பம்மாவின் வலது கையில் கரண்டியைக் கட்டிவிட்டுத்தான் கஜேந்திரன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான். ஐப்பசி முழுக்க அப்படித்தான் நடந்தது. கார்த்திகை பிறந்ததும் அந்த வேலை அவன் கையை விட்டுப் போனது. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டான்.

கருப்பம்மா அவன் மாமியார். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு அவளுடையது. மகள் நிஷாந்தினி டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது. காரியம் முடிந்த கையோடு மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரகலவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று லயமே எதிர்பார்த்தது. அவன் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தான். திரும்பி வந்தான். சோறாக்கினான். மறுநாள் மறுபடியும் போனான்.

ஆடி மாதத்தில் ஒருநாள், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கருப்பம்மா தேயிலை நிரையிலேயே சாய்ந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நடை ஒருமாதிரி வந்திருந்தது, பேச்சும் திரும்பியிருந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், விரல்கள் எதையும் பிடிக்காது. ஏற்கெனவே சீனி வியாதிக்காரி. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும்.

அங்கேதான் சிக்கல். கஜேந்திரன் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"மருமகப் புள்ள ஊட்டி மாமியாக்காரி திங்கிறதா? மலையில பேசிப் பேசிச் சிரிப்பாளுக தம்பி."

"அப்ப இடக்கையால சாப்புடுங்க அத்தே. அது நல்லாத்தானே இருக்கு."

"அது எந்தக் கைன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

தெரியாமல் என்ன. கக்கூசுக்குப் போனால் கழுவுகிற கை. அந்தக் கையைச் சோற்றில் வைப்பதைவிடப் பட்டினி கிடப்பது அவளுக்கு மரியாதை.

அடுத்த வீட்டு யசோதினி மாலையில் கொழுந்து மலையில் வேலை முடிந்து வந்து ஒருவேளை ஊட்டிவிடுவாள். மற்ற இரண்டு வேளையும் கருப்பம்மா தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்வாள். மாத்திரை உள்ளே போகும், சோறு போகாது. புரட்டாசிக்குள் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இரண்டாவது முறை விழுந்தபோது அடுப்பங்கரைக் கல்லில் தலை பட்டது. இப்படியே விட்டால் மூன்றாவது முறை எழுந்திருக்க மாட்டாள் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னார்கள்.

பதுளை டவுனில் ஒரு தொண்டு அமைப்பு மாதம் ஒருமுறை முகாம் போடும். கை கால் விளங்காதவர்களுக்குப் பயிற்சியும் சாமான்களும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். மண்டபம் நிறைய ஆட்கள். அவர்கள் முறை வரும்போது மணி ஒன்றாகிவிட்டது. நிவேதிகா என்ற யாழ்ப்பாணத்துப் பெண் கைக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ். பதுளைக்கு வந்து மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. கருப்பம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கை விறைக்கிறதோ?"

கருப்பம்மா தன் கையைப் பார்த்தாள். அது மேசையில் கிடந்தது. "வெறைப்பா? அதெல்லாம் இல்லீங்க மிஸ். வாழத்தண்டு மாதிரியில்ல தொவண்டு கெடக்கு."

நிவேதிகா மேசையிலிருந்த பஞ்சை எடுத்தாள். அதற்குள் வாசலில் ஒரு கிழவர் சக்கர நாற்காலியோடு படியில் சறுக்க, "மிஸ், மிஸ்" என்று கூச்சல் எழுந்தது. ஓடிப்போய்த் திரும்பி வந்தவள், பஞ்சு இருந்த இடத்தைப் பார்க்காமல் பேனையை எடுத்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி. விறைப்பு ஒண்டும் இல்லையோ?"

கஜேந்திரன் படித்தவன். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிப் பழகியவன். அவனே அந்த விரல்களைத் தினமும் எண்ணெய் போட்டு நீவுகிறான். "இல்லைங்க மிஸ். மொதல்ல கொஞ்சம் இருந்திச்சு. இப்ப சுத்தமா இல்ல. நல்லா மெத்துன்னு மெதுவா இருக்கு."

"நல்லது" என்று அவள் எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு பட்டியை எடுத்தாள். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் ரெக்சின் பட்டி, இரண்டு விரல் அகலம். புறங்கையில் சர்ரென்று ஒட்டிப் பிரியும். உள்ளங்கைப் பக்கம் சின்னதாக ஒரு பை. அதில் கரண்டியின் காம்பைச் செருகிவிட்டால் விரல்கள் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கை போகும் இடத்துக்குக் கரண்டியும் போகும். கரண்டியை உருவிவிட்டு அதே பையில் பல் தீட்டும் பிரஷையும் செருகலாம். காம்பு ஆடாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றச் சொன்னாள். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. சோறு ஓடாமல் இருக்கத் தட்டின் ஒரு பக்கம் வேலி மாதிரி ஒரு விளிம்பு.

"சாப்பிட்டு முடிஞ்ச உடனே கழட்டிப் போடுங்கோ. கனநேரம் இறுக்கிக் கட்டி வைக்கக் கூடாது. அம்மாவுக்கு நொந்தால் அவவே சொல்லுவா தானே."

நொந்தால் சொல்லுவாள். அதைக் கஜேந்திரனும் நம்பினான்.

மறுநாள் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் விளிம்பை வெட்டித் தட்டில் பொருத்தினான். பட்டியைக் கட்டினான்.

"இன்னும் இறுக்குங்க தம்பி."

"போதும் அத்தே."

"இடுப்புல படங்க இறுக்கிக் கட்டாம மலைக்குப் போனா கொழுந்து வருமா? இறுக்குங்க."

படங்கு என்பது கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு. முப்பத்தெட்டு வருடம் அதை இறுக்கிக் கட்டியவள் சொல்கிறாள். இறுக்கினான்.

முதல் கரண்டி மூக்கில் இடித்தது. இரண்டாவது முந்தானையில் கொட்டியது. மூன்றாவது வாய்க்குள் போனது. கருப்பம்மா மென்றுகொண்டே சுவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

பல் தீட்டுவதுதான் பெரிய கூத்து. அதுவரை கரித்தூளும் ஆட்காட்டி விரலுந்தான் அவளுக்குத் தெரியும். பிரஷைப் பட்டியில் செருகி, கையை அசைக்காமல் தலையை அசைக்கச் சொல்லியிருந்தாள் நிவேதிகா. தண்ணீர்ப் பீலியடியில் நின்று கருப்பம்மா தலையாட்டுவதைப் பார்த்து யசோதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா, கோயில் மாடு மாதிரி! எதைக் கேட்டாலும் ஆமாங்கிறீங்களே. அந்தப் புது நூல்சேல எனக்குத்தானே?"

வாயில் நுரையோடு கருப்பம்மா தலையைக் குறுக்கே ஆட்டினாள். அதுவும் துலக்கல்தான். அன்றைக்கு லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கஜேந்திரனும் சிரித்திருக்கலாம். அவனுக்கு நினைவில்லை.

அவள் உடம்பு தேறியது. மூன்று வேளையும் சாப்பிட்டாள். ஒரே ஒரு விஷயந்தான் நிவேதிகா சொன்னபடி நடக்கவில்லை. காலை ஆறரைக்குப் பட்டியைக் கட்டினால் மதியச் சோற்றுக்கு மறுபடி கட்ட ஆள் இல்லை. அதனால் கழற்றுவதில்லை. இரண்டரைக்கு அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் கழற்றுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடச்சுட பிளேன்டீ ஊற்றி வைத்தான். அவள் எட்டி எடுக்கப் போய்க் கோப்பை சரிந்து முழுவதும் வலது கையில் கொட்டியது. அவன் பதறிக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தான். கருப்பம்மா கையைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்தாள்.

"அடடா, ஒடஞ்சிருச்சா?"

"கை அத்தே! சுடலையா?"

"கொழுந்து எடுத்த கை தம்பி. தோலா அது, செருப்பு."

அவனும் அப்படித்தான் நினைத்தான். அந்தக் கையில் தேயிலைக் கறை கறுப்பாக ஓடி, வெடிப்புகளில் தடித்துப் போயிருந்தது. தோட்டத்தில் யார் கையைப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஐப்பசி கடைசியில் பட்டியைக் கழற்றும்போது உள்ளங்கை ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"செவந்திருக்கே. ரெண்டு நாள் கட்டாம விடுவோமா அத்தே?"

அவள் கையைச் சட்டென்று இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. வலிக்கவே இல்ல. அத மட்டும் கழட்டி வச்சிராதீங்க."

மறுநாள் காலை அவன் பட்டியைத் தேடியபோது அது ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. யசோதினி காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் அவசரத்தில் வாசலில் நின்று சொன்னாள்: "இனிமே நானே கட்டிவிட்டுப் போறேன் சேர். சாயந்தரம் வந்து நானே கழட்டுறேன். பொம்பளக் கைக்குப் பொம்பள கட்டுறதுதான் லேசு. நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

அவனுக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. மாமியார் கையைத் தினமும் பிடிப்பது இரண்டு பேருக்குமே கூச்சந்தான். சரி என்றான். எண்ணெய் நீவுவதும் அன்றோடு நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முதல் வாரத்தில் பதுளை ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. நிவேதிகாவின் அந்த மாத முகாம் அந்த இரண்டு நாளில்தான் வந்தது. போக முடியவில்லை. நல்லாத்தானே இருக்கிறாள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தான்.

கருப்பம்மா குளிர் என்று எந்நேரமும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போது கரண்டி மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வரும், வாய்க்குப் போகும், உள்ளே போகும்.

வீட்டுக்குள் ஒரு வாடை அடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் சாக்கடைக் கானில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்தான். கானைக் கிளறிச் சுண்ணாம்பு போட்டான். வாடை போகவில்லை. கூரைக்குள் எலி செத்திருக்கும் என்று ஏணி வைத்து ஏறித் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே டோர்ச் அடித்துப் பார்த்தான். பழைய காக்கைக் கூடு ஒன்று இருந்தது. எலி இல்லை. கட்டிலை நகர்த்தினான், விறகை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டான். கருப்பம்மா ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நாற்காலியை மாற்றிக்கொண்டே இருந்தாள். அவள் உட்காருமிடத்துக்கு வாடையும் வந்தது. அதை அவன் கவனித்தான், சேர்த்துப் பார்க்கவில்லை.

"எலி இன்னும் அம்புடலையா சேர்?" என்று யசோதினி கேட்டாள். கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

லயத்து நாய் ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் கருப்பம்மாவின் காலடியிலேயே படுத்துக்கிடந்தது. விரட்டினாலும் திரும்பி வந்தது.

ஒரு வியாழக்கிழமை, மண்சரிவு எச்சரிக்கை என்று பதினொரு மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். கருப்பம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பளி நழுவிக் கீழே கிடந்தது. மடியில் வலது கை, அதில் கரண்டி. பக்கத்தில் ஸ்டூலில் காலையில் மிச்சம் வைத்த ரொட்டி.

கதவோரத்திலிருந்து எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ரொட்டிக்குத்தான் போகிறது என்று தட்டை எடுத்தான். சாரை தட்டு இருந்த இடத்தைத் தாண்டி நாற்காலிக் காலில் ஏறியது. சேலையில் ஏறியது. பட்டிக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தால் வெளியே வந்தது.

அவன் குனிந்து பட்டியைப் பிரித்தான். சர்ரென்ற சத்தம் அந்த வீட்டுக்கு அதிகம். அவள் விழிக்கவில்லை. பட்டிக்கு உள்ளே ஒரு துணிச்சுற்று இருந்தது. கொழுந்து எடுப்பவர்கள் விரல் வெட்டாமலிருக்கச் சுற்றிக்கொள்வார்களே, அதுபோல இறுக்கமாக, ஒழுங்காகச் சுற்றிய சுற்று. மஞ்சளும் கோப்பித்தூளும் ஊறிக் கறுத்திருந்தது. இழுத்தான். ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்தான். துணியோடு தோலும் வந்தது.

அப்போதும் அவள் விழிக்கவில்லை. மெல்லிய குறட்டை ஒன்று விட்டாள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியிலிருந்து கறுத்துக் கிடந்தன. உள்ளங்கையில் ஒரு பள்ளம். அதற்குள் எறும்புகள்.

"அத்தே."

விழித்தவள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த பட்டியைப் பார்த்து அதைப் பிடுங்க இடக்கையை நீட்டினாள்.

"குடுங்க தம்பி. அது ஒண்ணும் பண்ணல. வலிச்சா நான் சொல்ல மாட்டேனா?"

ஆட்டோவில் பதுளைக்குப் போகும் வழியெல்லாம் அவள் அதையேதான் சொன்னாள். யசோதினி மேல் கோபப்படக் கூடாது. தான்தான் யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியது. வலி இல்லாத புண் ஆறுகிற புண்தானே. மழையில் ரோடு தெரியவில்லை. கஜேந்திரன் அவள் கையைத் தன் பழைய கைலிச் சாரத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தான். அதன் கனம் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷுக்ரி அவளை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு ஊசி முனையால் உள்ளங்கையில் குத்தினார். மணிக்கட்டில் குத்தினார். அதற்கு மேலேயும் குத்தினார்.

"இப்ப தெரியுதா அம்மா?"

"எப்பங்க குத்தப் போறீங்க?" என்றாள் கருப்பம்மா.

டொக்டர் ஊசியை வைத்தார். "வாதம் வந்தப்பவே இந்தக் கைல உணர்ச்சி போயிருக்கு. முழுசா மரத்த கை இது. சீனி வியாதியும் போகப் போகக் கை காலை மரக்க வைக்கும். இதுல பட்டிய கட்ட விட்டது யாரு?"

கஜேந்திரன் வெளியே வராந்தாவுக்கு வந்து நிவேதிகாவுக்குப் போன் எடுத்தான். நடந்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டனான் தானே தம்பி. விறைப்பு இருக்கோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். இல்லை எண்டு எழுதியும் இருக்கு."

"வெறைப்பு இல்லத்தானே மிஸ். கை மெதுவாத்தான் இருந்திச்சு."

காகிதம் புரட்டும் சத்தம் நின்றது.

"மெதுவாவோ? தம்பி... விறைப்பு எண்டா நீங்கள் என்னத்தைச் சொல்லுறியள்?"

"கட்ட மாதிரி மடங்காம நிக்கிறது."

"ஐயோ" என்றாள். "பல்லுப் பிடுங்கேக்க விறைப்பு ஊசி போடுறவையெல்லே. அந்த விறைப்பு. தொட்டால் தெரியாதது."

"அத நாங்க மரத்துப் போச்சுன்னு சொல்லுவோம்."

அவள் அழுவது கேட்டது. பஞ்சைக் கையில் எடுத்ததாகவும், தொட்டுப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்றும் சொன்னாள். மரத்துப் போச்சு என்ற சொல் அந்த மண்டபத்தில் அவன் வாயில்தான் இருந்திருக்கிறது. மரத்துப் போச்சான்னா கேக்குறீங்க என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். போனை வைத்தான்.

விஷம் மேலே ஏறுகிறது, கையை மணிக்கட்டோடு எடுக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார் டொக்டர். கருப்பம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நான் எதால சாப்புடுறது?"

கஜேந்திரன் கையெழுத்துப் போட்டான்.

கையை எடுத்தபின் மூன்று நாள் ஊசியிலும் சேலைனிலும் போனது. நான்காம் நாள் சேலைனை நிறுத்திவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். மதியம் வார்டில் சோறு வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய முண்டுக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கருப்பம்மா சுவர்ப் பக்கம் திரும்பினாள். நர்ஸ் ஊட்ட வந்தாள். வாய் திறக்கவில்லை. கஜேந்திரன் ஒரு கவளம் உருட்டினான். அதற்கும் இல்லை. காலை மாத்திரை உள்ளே போயிருந்தது. சோறு போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

தட்டைத் தன் மடியில் வைத்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டான். இடக்கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்து எடுத்து வாயில் போட்டான்.

எதிர்க் கட்டில்காரி பார்த்தாள். சோறு கொண்டுவந்தவன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கஜேந்திரன் அடுத்த கவளம் எடுத்தான். பருப்பு முழங்கை வரை வழிந்தது.

"சீ! என்ன தம்பி இது? ஆளுக பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"வலது கை இருக்கையில ஏன் அந்தக் கை?"

"ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா அத்தே?"

அவள் நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். இடக்கையைப் போர்வையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து ஓரமாக நாலு பருக்கையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். தட்டில் பாதி தீர்ந்தது. அம்மாசிக்குச் சோறு வைத்தால் காக்கை இப்படித்தான் பயந்து பயந்து கொத்தும் என்று முணுமுணுத்தாள். அவன் சிரித்தான். இந்தத் தடவை சிரித்தது அவனுக்கே தெரிந்தது.

தேத்தண்ணி வந்தது. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை கொதிக்கக் கொதிக்க. கஜேந்திரன் வாங்கி நீட்டப் போனவன், சூடு தாங்காமல் பக்கத்து லொக்கர் மேல் வைத்துவிட்டு விரலை உதறினான். கருப்பம்மா எட்டி அதை இடக்கையால் எடுத்தாள். உள்ளங்கை முழுவதும் டம்ளரைச் சுற்றிப் படிந்திருந்தது. உதட்டருகே கொண்டுபோய் ஊதினாள். மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்து ஊதினாள். பிடி மாறவே இல்லை.

கஜேந்திரன் எழுந்து நின்றான்.

"சுடலையா அத்தே?"

"இல்லியே. எதமாத்தானே இருக்கு."

ஆவி அவள் முகத்தில் அடித்தது. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களின் ஓரம் சிவந்துகொண்டு வந்தது.

"அந்தக் கை மரத்திருக்கா?"

அவள் ஊதுவதை நிறுத்தினாள். டம்ளரைப் பார்த்தாள், போர்வைக்குள் கிடந்த முண்டுக் கையைப் பார்த்தாள், வார்டின் கோடியில் வந்துகொண்டிருந்த டொக்டரைப் பார்த்தாள். பிறகு டம்ளரை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"இந்தக் கை நல்லா இருக்கு தம்பி. நீங்க அந்தாளுகிட்ட ஒண்ணும் சொல்லி வைக்காதீங்க."

அவன் கையை நீட்டினான். அவள் டம்ளரைக் கொடுக்கவில்லை.